கட்டைவிரல்

முதலில் வாய் வந்தது.

பிறகு தலை. பிறகு முதுகு, முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அது முடியவே இல்லை. வால் வந்து சேர்வதற்குள் நான் மூன்று முறை மூச்சு விட்டிருந்தேன்.

திமிங்கலச் சுறா. என் எதிரே மிதந்த அக்காவுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில்.

இந்த ஒரு மீனைப் பார்க்க ஆறு வருடமாகக் கடலில் இறங்குகிறாள் அக்கா. ஸ்கூபா கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அவளிடம் கற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். படகோட்டி பல் தேய்த்துக்கொண்டே பார்த்திருக்கிறார். அவள் மட்டும் பார்த்ததில்லை.

"டீச்சர் தண்ணில இறங்குனா அன்னிக்கு அதுக்கு லீவு" என்று இன்று காலைகூட அவர் சொன்னார். அக்கா காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்பை அவர்மேல் விட்டெறிந்தாள்.

எனக்கு இதுதான் முதல் கடல். முதல் கடலிலேயே!

கத்தினேன். குமிழிகள்தான் போயின. வேறெப்படிச் சொல்வது? கட்டைவிரலை உயர்த்தினேன். பிரமாதம்!

அக்கா என் கையை இறுகப் பற்றினாள். முகமூடிக் கண்ணாடிக்குள் அவள் கண்கள் விரிந்திருந்தன.

பார்த்துவிட்டாள்.

மெதுவாக மேலே எழும்பினோம். மேலே போய்க் கத்தத்தான் அழைத்துப் போகிறாள். தண்ணீருக்குள் எப்படிக் கத்துவது? மீன் எங்களுக்குக் கீழே நிதானமாகத் திரும்பியது. மறுகையால் சுட்டிக்காட்டினேன். அந்தக் கையையும் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கால் நிற்கவில்லை. உதைத்தேன். சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. மீன் நீலத்தில் கரைந்து போயிற்று. போகட்டும், பார்த்தாயிற்று. இருவரும்!

தலை வெளியே வந்தது. வெயில். அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் வாயிலிருந்த குழாயைத் துப்பினேன்.

"ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. மேல வந்தாச்சு. மூச்ச நல்லா இழுத்து விடு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பெருமை பொங்கியது.

"பதட்டத்துலயும் மறக்கல பாரு நீ. மேல போகணும்னா கட்டைவிரலக் காட்டுங்கன்னு எத்தனை பேருக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன். சமயத்துல ஒருத்தருக்கும் ஞாபகம் வராது."

படகோட்டி கயிற்றை வீசினார். அக்கா அதைப் பிடித்து என் கையில் கொடுத்தாள்.

"சரி, சொல்லு. அப்படி எதப் பாத்துடா பயந்த?"