பல்லி சொன்ன சாட்சி

பொன்னுரங்கத்துக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் நடக்கச் சொன்னதால் வாங்கிய ஷூவுக்குள் அவர் மைசூர்பாகு ஒளித்து வைத்திருந்தார். வேறெதற்கும் அந்த ஷூவை அவர் எடுத்ததில்லை.

"சோத்தைக் குறைச்சும் சர்க்கரை இறங்கலையே. இனிப்பு ஏதும் தின்னீங்களா?" என்று கேட்டாள் மனைவி லோகநாயகி.

"தொட்டே மூணு மாசம் ஆச்சு."

சுவரிலிருந்த பல்லி உச்சுக் கொட்டியது.

"பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு," என்று அவர் மேஜையை விரலால் தட்டினார். பல்லியே சொன்ன பிறகு என்ன பேசுவது? லோகநாயகி உள்ளே போய்விட்டாள்.

ஷூவிலிருந்து சுவரேறி வந்த எறும்புக்குக் கோபம். "காலையில அவர் தின்னப்ப உதிர்ந்ததைச் சுமந்தவன் நான். எதுக்குப் பொய்ச்சாட்சி சொன்னே?"

"நான் என் ஜோடியைக் கூப்பிட்டேன். அவரா இழுத்து அவர் பேச்சோட சேர்த்துக்கிட்டார்."

"இரு, அவர் கால் கட்டைவிரல்ல ஒரு கடி வைக்கிறேன். அலறிக்கிட்டு உண்மையைச் சொல்வார்."

எறும்பு தன் கூட்டத்தோடு இறங்கிப் போனது. வேடிக்கை பார்க்கப் பல்லி வாலை ஆட்டியபடி காத்திருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. கடைசியில் எறும்பு மட்டும் திரும்பி வந்தது.

"கடிச்சியா?"

"தாடை வலிக்கக் கடிச்சேன். அஞ்சு விரலையும் கடிச்சோம். அவர் பாட்டுக்குப் பேப்பர் படிக்கிறார்."

பல்லியின் வால் நின்றது.

மோர் கொண்டுவந்த லோகநாயகி கேட்டாள்: "என்னங்க, கால்ல எறும்பு மொய்க்குது. தெரியலையா?"

பொன்னுரங்கம் குனிந்தார். வெகுநேரம் தன் காலையே பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுச் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

பல்லி வாய் திறக்கவில்லை.