ஜான்சியின் கால்

உப்பளத்தில் இறங்குகிற எல்லாப் பெண்களுக்கும் கால் பாளம் பாளமாய் வெடித்திருக்க, ஜான்சிக்கு மட்டும் வழவழவென்று இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. "ஜான்சி காலைப் பாத்தியா?" என்று தன் புருஷன் சகாயராஜ் சோற்றில் கை வைத்தபடி கேட்டதைத்தான் ஆரோக்கியசெல்வியால் செரிக்க முடியவில்லை.

ஜான்சியிடம் ஒரு வெளிநாட்டு கிரீம் டப்பா இருந்தது. ஆரோவில் வெள்ளைக்கார அம்மா கொடுத்தது. செல்வி சும்மா இருப்பாளா? பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறி, அறுநூறு ரூபாய்க்கு ஒரு கிரீம் வாங்கி, ஒரு மாதம் பூசினாள். வெடிப்பு குறையவில்லை. வயிற்றெரிச்சல்தான் கூடியது.

அன்று பாத்தியை விட்டுக் கரையேறியதும் ஜான்சியின் டப்பாவைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே தேங்காயெண்ணெய்.

"ஏன்டி, இதானா?"

"கிரீம் தீந்து ஒரு வருஷம் ஆச்சுக்கா. டப்பா மட்டும்தான் பாக்கி. உப்புத்தண்ணியில எறங்குறதுக்கு முன்னாடி எண்ணெய் தடவணும். ஏறினதும் நல்ல தண்ணியில கழுவி, ஈரத்தோட இன்னொரு வாட்டி. அவ்ளோதான்."

"யாரு சொன்னா? அந்த வெள்ளைக்காரியா?"

"இல்லக்கா. உங்க வீட்டுக்காரரு."

செல்வி முந்தானையை இழுத்துச் செருகினாள். "எங்க வச்சுடி சொன்னாரு?"

"இங்கதான், போன தை மாசம். உங்ககிட்டதான்க்கா சொன்னாரு. 'போய்யா, பெரிய டாக்டரு'ன்னு நீங்க திட்டி அனுப்பிட்டீங்க. பக்கத்துல நின்ன நான் கேட்டுக்கினேன்."