சுரண்டும் மீன்

பிரேமன் நகரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் டெட்லெஃப், மீன் வாங்க வந்த வீப்கெ என்ற பெண்ணுக்கு பாசியைச் சுரண்டித் தின்னும், விரல் நீள பிளெக்கோ மீனைக் காட்டினார்.

"இதைவிடப் பெருசு வேணுங்க. வீட்டுத் தொட்டி ஆள் நீளம் இருக்கு."

"அந்த மூலையில முழங்கை நீளத்துக்கு ஒண்ணு இருக்கு. ஆனா ராத்திரி பூரா தொட்டிக்குள்ள கிடக்கற மரக்கட்டையைச் சுரண்டும். வாங்கினவங்க தூக்கம் போச்சுன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"பக்கத்து ரூமுக்குக் கேக்குமா?"

"நல்லாவே கேக்கும். சுக்கினிக்காய், உருளைக்கிழங்குன்னு வயிறு நிறையப் போட்டா கொஞ்சம் அடங்கும்."

"கம்மியாப் போட்டா?"

டெட்லெஃபுக்குச் சுருக்கென்றது. "பட்டினி போடறவங்களுக்கு நான் மீன் விக்கறதில்லைங்க."

"கோவிச்சுக்காதீங்க. நல்லாவே பாத்துப்பேன். ஆனா எனக்கு அந்தச் சத்தம் வேணும்" என்று வீப்கெ குரலைத் தாழ்த்தினாள். "எங்க பொண்ணு ரூம் சுவத்துல தினமும் ராத்திரி ஏதோ சுரண்டுது. எலின்னு நெனச்சு உடைச்சுப் பாத்தோம். உள்ளே வெறும் செங்கல். புள்ள பயந்து நடுங்கினா. தொட்டியில கட்டைக்குப் பின்னால ஒரு பெரிய மீன் ஒளிஞ்சிருக்கு, அதோட சத்தம்னு சொல்லிவச்சேன். அதை நம்பித்தான் தூங்கறா. இப்போ அந்த மீனைக் காட்டுன்னு அடம்பிடிக்கறா."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கறவங்களைக் கேட்டீங்களா?"

"அந்தப் பக்கம் யாருங்க இருக்கா? நாங்க மூணாவது மாடி. சுவத்துக்கு வெளியே, கீழே ஆறுதான் ஓடுது."

டெட்லெஃப் பெரிய வலையை எடுத்துக்கொண்டு மூலைத் தொட்டிக்குப் போனார்.