சத்தியமாக முட்டை இல்லை

ஏரிக்கரைப் பூங்காவில், நடைபாதை ஓரத்துச் சரளைக் கற்களுக்கு நடுவே ஓர் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கல் எது, முட்டை எது என்று சமயத்தில் அதற்கே குழப்பம் வரும். அப்படியும் அதற்கு நிம்மதி இல்லை. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், படகுக்கு வரிசையில் நின்றவர்கள், யார் அந்தப் பக்கம் திரும்பினாலும் பறந்து பறந்து கத்தியது: "இங்கே ஒன்றும் இல்லை! போங்கள்!"

"நீ சும்மா இருந்தால் யாருக்குமே தெரியாதே, அம்மா," என்றது கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை.

"பெற்றவளுக்குத்தான் அந்தப் பதைப்பு தெரியும்," என்றது ஆட்காட்டி.

ஒரு மத்தியானம், யாரோ சிந்திய சுண்டலைத் தேடிக் கீரி ஒன்று அந்த வழியே போனது. ஆட்காட்டி உடனே எழும்பிப் பறந்தது. கீரியின் தலைக்கு மேலேயே வட்டமிட்டு, "இங்கே ஒன்றும் இல்லை! சத்தியமாக முட்டை இல்லை!" என்று அலறியது.

கீரி நின்றது. "முட்டையா? நான் சுண்டலுக்கல்லவா வந்தேன்," என்று சொல்லிவிட்டுச் சரளைக் கற்களை முகர ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் நான்கு முட்டைகளும் அதன் வயிற்றுக்குள் போய்விட்டன.

சில வாரங்கள் கழிந்தன. ஆட்காட்டி பூங்கா ஊஞ்சலுக்குப் பின்னால் மறுபடி முட்டையிட்டது. ஆமை மெல்ல ஊர்ந்து வந்து, "இந்தத் தடவையாவது..." என்று இழுத்தது.

"தெரியும், தெரியும்," என்றது ஆட்காட்டி. "போன தடவை நான் கத்தியது கீரியின் காதில் சரியாக விழவில்லை."