ராணிக்கு வந்த கோபம்

சேணத்தின் வாரை இறுக்கியதும் குதிரை காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, குதிரைக்காரர் இப்ராஹிமின் தோளைக் கடிக்க வந்தது. எதிர்வீட்டு வாசலில் மதிவாணன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அவர் இந்தப் பக்கம் வந்து குதிரையைத் தடவி, கீழே இருந்த சேணத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா அமிர்தலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. மதிவாணன் அவருடைய பங்காளி. போன தை மாதம் மதிவாணன் மகன் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த காரில் போனான். அதற்காகவே இந்தக் குதிரை தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறது. தன் மகன் செந்தில்குமார் குதிரைமேல் அந்த வாசலைத் தாண்டிவிட்டால் போதும், தாலி கட்டுவதெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

பெரிய மனுஷர் காலையிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. "எல்லாத்துக்கும் திருஷ்டி கட்டு, ஒண்ணு விட்டுப்போகக் கூடாது" என்று மனைவி மங்களாம்பிகையை விரட்டினார். அவள் ஓடி ஓடிக் கட்டினால், "பட்டிக்காட்டுத்தனமா இருக்கு, போட்டோவுல தெரியக் கூடாது" என்று அதற்கும் ஒரு பாட்டு.

"ஐயா, ராணிக்கு எங்கயோ வலிக்குதுங்க" என்றார் இப்ராஹிம். "நாலு வருஷமா என்கிட்ட இருக்கு, ஒருநாளும் இப்படிப் பண்ணதில்ல. சேணத்தை இங்க வெச்சுட்டு நான் டீ குடிக்கப் போற வரைக்கும் நல்லாத்தான் நின்னுச்சு. எறக்கிப் பாத்துடுறேன்."

"வலிக்குதுன்னு உன் காதுல வந்து சொல்லிச்சா? கொள்ளு தின்ன கொழுப்புய்யா. இன்னும் ரெண்டு ஓட்டை இறுக்கு, அடங்கிடும்."

"வேணாங்க, பாவம்."

"தள்ளுய்யா!"

ஆயுசில் ஆட்டுக்குட்டியைக்கூடப் பிடித்துக் கட்டியறியாத மனிதர், வாரைத் தானே பிடித்து இழுத்தார். ராணி ஒரே துள்ளுதான். புதுப் பட்டுவேட்டியோடு அமிர்தலிங்கம் சாணியில் உட்கார்ந்திருந்தார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். எதிர்வாசல் சிரிப்பு இப்போது தெருமுழுக்கக் கேட்டது.

இப்ராஹிம் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. சேணத்தை இறக்கி, அடியில் இருந்த மெத்தையைத் திருப்பினார். ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் குத்தியிருந்த இரும்புக் கம்பியின் முனையில் ரத்தம்.

"சூனியம்!" அமிர்தலிங்கம் சாணியோடு எழுந்து கத்தினார். "தடவுற மாதிரி வந்து வெச்சுட்டுப் போயிட்டான்! டேய் மதிவாணா, எம்புள்ள குதிரையில போறது உனக்குப் பொறுக்கலியாடா? யாராவது போலீசைக் கூப்பிடுங்க!"

மதிவாணன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. இரண்டு பேர் நிஜமாகவே போனை எடுத்துவிட்டார்கள்.

ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்த மங்களாம்பிகை, மெத்தையையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள்.

"போட்டோவுல தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"