குடம் எடுக்கும் பிள்ளை

அருவித் தண்ணீர் நிறைந்த செப்புக்குடத்தை ரெங்கம்மாள் தன் நாத்தனார் மகள் உலகம்மாளிடம் நீட்டினாள்.

"இந்தா, பிடி தாயி. கொழும்புல இருந்து கப்பலேறி வந்திருக்க பிள்ள. இந்த வருசம் அம்மனுக்கு நீதான் தீர்த்தம் எடுக்கணும்."

மேளக்காரர்கள் குச்சியை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். தென்காசியிலிருந்து வண்டி கட்டி வந்த சொந்தபந்தம் முழுவதும் குற்றாலத்துச் சாரலில் நனைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

உலகம்மாளைப் பெற்ற வள்ளித்தாய் பதறிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

குலதெய்வக் கொடைத் திருவிழாவுக்குத் தீர்த்தக்குடம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இன்னும் பெரியவளாகாத பிள்ளைதான் எடுக்க வேண்டும். தவறினால் சாமி குற்றம். அம்மன் சும்மா விடமாட்டாள்.

உலகம்மாளோ போன கார்த்திகையிலேயே பெரியவளாகிவிட்டாள்.

கொழும்பு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, தாயும் மகளும் மட்டும் அறியத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த சங்கதி அது. தகப்பன் சங்கரபாண்டிக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் மறுநாளே தென்காசியில் இருக்கும் மைத்துனனுக்குக் கடுதாசி போட்டுவிடுவார்.

கடுதாசி கண்டால் தாய்மாமன் இசக்கியப்பன் சீர்வரிசையோடு வந்து நிற்பான். பச்சை ஓலையில் குச்சில் கட்டிப் பிள்ளையை உட்கார வைப்பான். அந்தக் கையோடு தன் மூத்த மகனுக்குப் பேசியும் முடித்துவிடுவான். பள்ளிக்கூடம் அத்தோடு சரி.

அதை மட்டும் வள்ளித்தாயால் தாங்க முடியாது.

கொழும்பில் அவள் விடிவதற்கு முன்னே எழுந்து ஆப்பம் சுடுவாள். புருஷன் கங்காணியாக இருக்கும் துறைமுகத்து ஆட்கள் வந்து தின்றுவிட்டுப் போவார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, கரி படிந்த கையோடு வாசலுக்கு ஓடிவருவாள். மகள் புத்தகத்தை அணைத்துக்கொண்டு டிராம் ஏறுவதை ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை.

கணக்கில் உன் மகளை மிஞ்ச ஆளில்லை என்று டீச்சர் சொன்ன அன்று, வந்தவன் போனவனுக்கெல்லாம் ஆப்பத்தின் மேல் தேங்காய்ப்பாலை ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

இந்தத் தடவை ஊருக்கு வரும்போது, தனுஷ்கோடியில் பெட்டியைச் சோதித்த வெள்ளைக்காரத் துரைக்கு உலகம்மாள் பட்பட்டென்று இங்கிலீஷில் பதில் சொன்னாள். யார் பெற்ற பிள்ளை இது என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெற்றவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

இப்போது குடம் நீட்டியது நீட்டியபடி இருந்தது. உலகம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

அம்மனிடம் பொய் சொல்ல வள்ளித்தாய்க்குத் துணிச்சல் இல்லை. அண்ணனிடம் மெய் சொல்ல மனசு இல்லை. திருதிருவென்று விழித்தவள் கண்ணில், நல்லவேளையாக மாடத்தி பட்டாள்.

மாடத்தி அண்ணன் இசக்கியப்பனுக்கும் ரெங்கம்மாளுக்கும் மகள். உலகம்மாள் வயதுதான். தென்காசியில் பள்ளிக்கூடம் போகிறவள், இன்னும் சடங்காகாத பிள்ளை.

"அதெப்படி மைனி? வீட்டுப்பிள்ள நிக்கையில எம் மவ எடுத்தா நல்லாவா இருக்கும்? மாடத்தி எடுக்கட்டும்."

"அவ எப்பவும் இங்கன கெடக்கவதான. வந்த பிள்ள எடுக்கட்டும்."

குடம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தது. தளும்பிய தண்ணீரில் இரண்டு பேர் சேலையும் நனைந்தது. நாத்தனாரும் மைனியும் இப்படி விட்டுக்கொடுத்து எங்கே பார்த்தோம் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.

இசக்கியப்பனுக்குத்தான் பொறுமை போய்விட்டது.

"ஏட்டி மாடத்தி, நீயே எடுட்டி. நேரமாவுதுல்லா!"

ரெங்கம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. குடத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். மாடத்தி தாயின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டினாள்.

வள்ளித்தாய் மைனியை உற்றுப் பார்த்தாள். அந்தப் பயம் எந்தப் பயம் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டென்று குடத்தை வாங்கினாள். வண்டியில் கூட வந்திருந்த பக்கத்து வீட்டுப் பொடிசை இழுத்து முன்னால் நிறுத்தினாள். அதற்கு இன்னும் பால்பல்லே விழவில்லை.

"ரெண்டும் ஒரே வயசு. ஒருத்திக்குக் குடுத்தா இன்னொருத்தி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவா. இந்தச் சின்னக்குட்டி எடுக்கட்டும்ண்ணே."

இசக்கியப்பன் தலையாட்டினான். மேளம் முழங்கியது.

குழந்தையின் தலையில் குடத்தை வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்களும் நடந்தார்கள்.

"எட்டாவது முடிச்சிட்டா மாடத்திய வாத்திச்சி வேலைக்குப் படிக்க வைக்காவளாம்," என்று ரெங்கம்மாள் முணுமுணுத்தாள். "ஒம் மவளும் படிச்சு முடிக்கட்டும். எம் மவனுக்கு ஒண்ணும் அவசரமில்ல. அவ எப்பம் ஆனா?"

"கார்த்திகையில, மைனி."

"ஒனக்காவது நடுவுல கடல் கெடக்கு. நான் ஒங்க அண்ணன் கூட ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, அதுக்கு முந்துன ஆவணியில இருந்து மறைக்கேன்," என்றாள் ரெங்கம்மாள், பெருமை பிடிபடாமல்.