ஐந்து பேருக்கு வேலை இல்லை

“அஞ்சு பேரை நிறுத்தணுமாம், மது,” என்றான் செந்தில்.

யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் அவன் நடத்தும் சிறிய அலுவலகம் அது. இங்கிலாந்தில் ஒரு மாவட்டத்தின் ஆறு கவுன்சில்களுக்கு வரும் ஃபோன்களுக்கு இங்கிருந்துதான் பதில். கவுன்சிலுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் என்று ஒப்பந்தம். தெருவிளக்கு எரியவில்லை என்று அங்கே யாராவது புலம்பினால், நான்கு மணி நேரமாகக் கரண்ட் இல்லாத யாங்கோனிலிருந்து அனுதாபம் போகும்.

“ஏனாம்?” என்றாள் மதுமிதா.

“ஆறு கவுன்சிலையும் கலைச்சு ஒண்ணாக்குறாங்க. இனிமே ஒரு ஆள் போதுமாம்.”

“யாரை வச்சுக்கப் போறாங்க?”

“தெரியல. மார்ட்டின் இப்பக் கூப்பிடுவாரு.”

“கிரேஸை விட்டுடாதீங்கண்ணே. வயசானவங்க எல்லாம் அவளைத்தான் கேக்குறாங்க.”

“லூசி?”

“அவ போகட்டும். வாய் ஜாஸ்தி.”

மார்ட்டின் சரியாக இரண்டு மணிக்கு வந்தார். மாவட்டத்தின் சீரமைப்பு அதிகாரி. திரையில் மிகவும் களைத்துத் தெரிந்தார்.

“நிர்வாகத்தை மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் எங்கள் நோக்கம்,” என்றார். “மக்களிடமே கேட்டோம். கிரேஸ் இருக்கட்டும் என்றார்கள். அவருடைய பேச்சில் எங்கள் ஊர் மண்ணின் அன்பு இருக்கிறதாம்.”

செந்தில் தலை குனிந்தான். “மத்த அஞ்சு பேர் மூணு வருஷமா உழைச்சவங்க சார்,” என்றான் ஆங்கிலத்தில்.

மார்ட்டின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “புரிகிறது. ஆளுக்கு மூன்று மாதச் சம்பளம் தருகிறோம். என் கவலை வேறு. ஆறு கவுன்சில் வேலையை ஒரே பெண் தாங்குவாரா?”

“பயிற்சி வேணும்னு சொல்லுங்க,” என்று தமிழில் முணுமுணுத்தாள் மதுமிதா. “ஆறு மாசம். சம்பளமும் ரெண்டு மடங்கு.”

“அவ்வளவு கேக்க ஆனாடேயா இருக்கு மது.”

“கூச்சப்பட்டா ஆகாதுண்ணே. கேளுங்க.”

செந்தில் கேட்டான். மார்ட்டின் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நியாயம்தான். இதுவரை ஆறு பேர் செய்த வேலை. பாவம், அந்தப் பெண்.” பிரிகிற ஐவருக்கும் தன் நன்றியைச் சொல்லச் சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார்.

அங்கே அலுவலகம் திறக்கும் நேரம் நெருங்கியது. மதுமிதா தண்ணீர் குடித்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

“இன்னிக்கு யாருல ஆரம்பிக்கிறே?” என்றான் செந்தில்.

“லூசிலதான். அவளுக்குக் கடைசி மாசம், நல்லாத் திட்டிட்டுப் போகட்டும்,” என்றாள், மூன்று வருடமாக அந்த ஆறு பேராகவும் தனியாகப் பேசிக்கொண்டிருந்த மதுமிதா.